ஆறரை ஆங்கிலம்

அக்கா மகள் நர்ஸ். நான்கு வருடம் அனாடமியும் ஃபார்மகாலஜியும் ஆங்கிலத்தில் படித்துப் பாஸ் செய்தவள். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்து ஊசி போடுகிறாள்; இதுவரை மருந்து மாறியதில்லை. இங்கிலாந்தில் வேலை பார்க்க ஆசை. அதற்கு முதலில் தனக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதி, தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் இடத்துக்குப் பெயர் கோச்சிங் சென்டர். பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் இருந்தது. கீழே நகை அடகுக் கடை. இடம் பார்த்தவன் புத்திசாலி. வளையலைக் கீழே கழற்றிவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்கள்.

ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் நோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். தலைப்பு, ‘பேண்ட் எயிட் சொற்கள்’. பேண்ட் என்பது அந்தத் தேர்வின் மதிப்பெண் படி. “காயத்துக்கு ஒட்டுறதா சார்?” என்றாள் இவள். சிரித்தது துணைக்குப் போன நான் மட்டும். ‘மெனி’ என்று எழுதினால் பாவம், ‘மிரியட்’ என்றால் புண்ணியம். அளவுக்கு மீறி எது இருந்தாலும் அது ‘ப்ளெதோரா’. மழை சும்மா பெய்யக் கூடாது. நாயும் பூனையுமாகத்தான் பெய்ய வேண்டும்.

பேச்சுப் பயிற்சி. மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம். இவள் ஒரு நைட் டூட்டியைச் சொன்னாள். பெரியவர் ஒருவருக்கு மூச்சு நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். கண் திறந்தார். ‘ஐ வாஸ் வெரி ஹாப்பி’ என்று முடித்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது. சாருக்கு அடைக்கவில்லை.

“வெரி எல்லாம் எல்.கே.ஜி. வார்த்தைம்மா. ‘ஓவர் த மூன்’ போடுங்க. ‘ஓல்டு மேன்’ வேணாம், ‘ஆக்டோஜெனேரியன்’னு சொல்லுங்க.”

“அவருக்கு எழுபத்தொண்ணுதான் சார்.”

“பரவால்லம்மா. எக்ஸாமினர் வந்து பார்க்கவா போறாரு?”

சாரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் பேச்சுக்கும் எழுத்துக்கும் தரும் மதிப்பெண்ணில் கால் பங்கு சொல்வளத்துக்கு. மேல் படிக்கு ஏற அபூர்வச் சொல் வேண்டும். ஆனால் மனப்பாடம் செய்தது தெரிந்தால் மதிப்பெண் போய்விடும். அதாவது திருடலாம், திருட்டு முழி முழிக்கக் கூடாது.

பிரிட்டன் நர்ஸிங் கவுன்சில் இந்தத் தேர்வில் கேட்பது படிக்க, கேட்க, பேச ஏழு. எழுத ஆறரை. எழுத்தில் ஆறு வாங்கினால்? மறுபடி கட்டு, மறுபடி எழுது. ஒரு தடவைக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். அரைப் புள்ளி ஆங்கிலத்துக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் ராத்திரி முழித்த சம்பளம். தேறினாலும் சான்றிதழுக்கு இரண்டே வருடம் ஆயுள். மருந்துக் குப்பியில் காலாவதி தேதி பார்த்துப் பழகியவள், இப்போது தன் நாக்கின் தேதியைப் பார்க்கிறாள்.

இதெல்லாம் மொழிச் சேவை என்று யாராவது சொன்னால், 2021-ஐ நினைவுபடுத்துங்கள். இந்தியாவில் இந்தத் தேர்வை நடத்தும் தன் வியாபாரத்தை மட்டும் பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியாவின் ஐ.டி.பி. நிறுவனத்துக்கு விற்றது. விலை 13 கோடி பவுண்டு. அடகுக் கடைக்காரர் எவ்வளவோ தேவலை. வட்டி எவ்வளவு என்று போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

வயிறு எரிவது இதற்குக்கூட இல்லை. 1979-இல் கிறிஸி மேஹர் என்ற அம்மாள் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்று, சாமானியருக்குப் புரியாத அரசுத் தாள்களைத் துண்டு துண்டாக்கினார். எளிய ஆங்கிலத்துக்கான இயக்கம் அப்படித்தான் அங்கே தொடங்கியது. இன்று பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்., தன் இணையதளத்துக்கு எழுதுபவர்களுக்குக் கையேடு போட்டிருக்கிறது. ‘யூரின்’ என்று எழுதாதே, ‘பீ’ என்று எழுது என்கிறது. அவர்கள் ஊரில் அது ஒன்றுக்கு, நம் ஊரில் இரண்டுக்கு. நியாயமாக இந்தக் குழப்பத்துக்குத்தான் கோச்சிங் வேண்டும். அதை எவனும் நடத்தவில்லை.

ஆக, பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி பேச வேண்டிய வார்டுக்குள் நுழைய, பேராசிரியருக்கே அகராதி தேவைப்படுகிற சொற்களை நெட்டுரு போட வேண்டும். போட்டுவிட்டு விமானம் ஏற வேண்டும். இறங்கியதும் மறந்துவிட வேண்டும்.

ஏறத்தான் போகிறாள். ஏதோ ஒரு வார்டில், ஏதோ ஒரு கிழவி இவள் கையைப் பிடித்து, “ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி, டியர்” என்பாள். ஒரு பென்னி போட்டால்தான் பொதுக் கழிப்பறைக் கதவு திறந்த காலத்துப் பேச்சு அது. அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். ஸ்பைரல் நோட்டில் இது இல்லை. இவள் பாவம், கிழவி காசுதான் கேட்கிறாள் போலிருக்கிறது என்று பையைத் துழாவுவாள். ஒரு பென்னி இருக்காது. எல்லாம் தேர்வுக்குக் கட்டியாயிற்று.