பூனையும் ஒரு டச் டவுன் போட்டது

கேள்வி – பதில்

அமெரிக்க ஃபுட்பாலை ரேடியோவில் கேட்பதே சுகம் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அப்புறம் கண் எதற்கு? (கும்பகோணம்)

விளம்பரம் வரும்போது மூடிக்கொள்ள.

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். ஆட்டம் முதன்முதலில் நாடு முழுக்க ரேடியோவில் ஒலிபரப்பானது எப்போது? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். (திண்டுக்கல்)

தேர்வில் நிச்சயம் வராது, அதனால் நிம்மதியாகப் படியுங்கள். 1934-ல் ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் என்ற ரேடியோ முதலாளி, ஒஹாயோவின் போர்ட்ஸ்மவுத் ஊரில் நொடித்துக் கிடந்த அணியை எட்டாயிரம் டாலருக்கும் குறைவாகப் பேசி முடித்து, டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்து ‘லயன்ஸ்’ ஆக்கினார். டெட்ராய்ட்டோ பேஸ்பால் பித்துப் பிடித்த ஊர். சிங்கத்தைச் சீந்துவார் இல்லை. ஆனால் ரிச்சர்ட்ஸ் கையில் டபிள்யூ.ஜே.ஆர். நிலையம் இருந்தது. தாங்க்ஸ்கிவிங் தினத்தன்று சிகாகோ பேர்ஸோடு ஆட்டம் வைத்தார். என்.பி.சி.யைச் சரிக்கட்டி 94 நிலையங்களில் ஒலிபரப்பவும் செய்தார். 26,000 டிக்கெட்டும் தீர்ந்து, வந்தவர்களில் பலர் வாசலோடு திரும்பினார்கள். லயன்ஸ் 19-16 என்று தோற்றது. இருந்தும், 1939 முதல் 1944 வரை நீங்கலாக, இன்றுவரை ஒவ்வொரு தாங்க்ஸ்கிவிங்குக்கும் அந்த அணிக்கு ஆட்டம் உண்டு. ஒரு தோல்வியை வைத்து இத்தனை வருஷம் பிழைத்தவர்கள் நம் அரசியலில்கூடக் குறைவு.

வர்ணனையாளர் கெவின் ஹார்லன் பார்க்க எப்படி இருப்பார்? (ஈரோடு)

ரேடியோவில் ரொம்ப லட்சணமாக இருக்கிறார்.

தலைக்கவசம் போட்ட 22 பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். யார் யாரென்று வர்ணனையாளருக்கு எப்படித் தெரிகிறது? (கோயம்புத்தூர்)

பக்கத்தில் ‘ஸ்பாட்டர்’ என்று ஒரு புண்ணியவான் உட்கார்ந்திருப்பார். முன்னால் பெரிய அட்டை. அதில் இரண்டு அணி ஆட்டக்காரர்களின் எண், பெயர், எடை, படித்த கல்லூரி எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். பந்தைப் பிடித்தவர் யார், அவரைச் சாய்த்தவர் யார் என்று அட்டையில் விரல் வைத்துக் காட்டுவது அவர் வேலை. மூன்று மணி நேரம் எல்லாம் தெரிந்திருந்தும் வாயைத் திறக்காத மனிதர்! என் மச்சானை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ய முடியாது.

பேசுகிறவருக்கும் சில கடமைகள் உண்டு. ஸ்கோர், மிச்ச நேரம், எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கெஜம், பந்து எந்தக் கோட்டில் என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய ஆட்கள், “உங்கள் ரேடியோ டயலில் இடமிருந்து வலமாகப் போகிறார்கள்” என்று திசையும் சொல்வார்கள். டி.வி. வர்ணனையாளருக்கு இந்தத் தொல்லை கிடையாது. “அடடா, அதைப் பாருங்கள்!” என்றால் அன்றைய சம்பளம் செரித்துவிடும்.

மூன்று மணி நேர ஆட்டத்தில் நிஜமாக ஆடுவது கொஞ்ச நேரம்தானாமே? (சேலம்)

சுமார் 11 நிமிடம் என்று 2010-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கணக்குப் போட்டது. மிச்ச நேரத்தைப் பேசியே நிரப்புகிறவருக்கு அல்லவா கோப்பை தர வேண்டும்?

வர்ணனையாளர் சொந்த ஊர் அணிக்குச் சாய்ந்து பேசுவது தர்மமா? (பிலடெல்பியா)

உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! ஒவ்வொரு அணிக்கும் சொந்த ரேடியோ குரல் உண்டு. நடுநிலை வேண்டுமானால் நாடு முழுக்க ஒலிக்கும் வெஸ்ட்வுட் ஒன் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். மெரில் ரீஸ் 1977 முதல் உங்கள் ஈகிள்ஸுக்கு வாழ்க்கைப்பட்டவர். அவரிடம் நடுநிலை எதிர்பார்ப்பது, பெண்ணைப் பெற்றவளிடம் போய் மாப்பிள்ளை பக்க நியாயம் கேட்பது போல. சாய்வை ஒளிக்காமல் சாய்கிறாரே, அந்த நேர்மைக்கு என் ஓட்டு.

கேட்டதிலேயே உமக்குப் பிடித்த வர்ணனை? (மதுரை)

2019 நவம்பர் 4, நியூஜெர்சி. நியூயார்க் ஜயன்ட்ஸும் டல்லஸ் கவ்பாய்ஸும் மோதுகிறார்கள். ஜயன்ட்ஸ் 9-3 என்று முன்னணியில் இருக்கும்போது மைதானத்துக்குள் ஒரு கறுப்புப் பூனை நுழைகிறது. ஆட்டம் நிற்கிறது. வேறொருவராக இருந்தால் “சிறு தடங்கல்” என்று சொல்லி விளம்பரத்துக்குப் போயிருப்பார். நம்ம கெவின் ஹார்லன் குரலை ஏற்றினார். பூனை ஐந்தாவது கெஜத்தில், மூன்றில், இரண்டில் என்று ஓட்டக்காரனுக்குச் சொல்வது போலவே சொன்னார். கோட்டுக்கு அருகே வந்ததும் அந்தப் பகுதிக்குப் பணம் கட்டிய கம்பெனியின் பெயரை, பூனையை நிறுத்தி வைத்தாற்போல, மறக்காமல் சொன்னார். போலீஸ்காரர் வந்தார், பூனை எல்லைக்குள் பாய்ந்தது, “டச் டவுன்!” என்று அலறினார். நான் விளம்பரத்தை மன்னித்த ஒரே சந்தர்ப்பம் அது.

குறுக்கே பூனை போனால் என்ன ஆகும் என்று நம் பாட்டிகளைக் கேட்டிருக்கலாம். டல்லஸ் 37-18 என்று ஜெயித்தது.

குரல் இனிமையாக இருந்தால்தான் ரேடியோவில் சேர்ப்பார்களா? (நாகர்கோவில்)

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு 1970 முதல் 35 சீசன் பேசிய மைரன் கோப்பின் குரல் கரகரப்பும் கீச்சும் கலந்தது. ஊரே அதற்கு அடிமை. 1975-ல் ரசிகர்களை மஞ்சள் துண்டு சுழற்றச் சொன்னார். ‘டெரிபிள் டவல்’ என்று பேர். மஞ்சள் துண்டின் மகிமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996-ல் அந்தத் துண்டின் உரிமையை, மாற்றுத்திறனாளியான தன் மகனைப் பராமரித்த பள்ளிக்கே எழுதிக்கொடுத்தார். இனிமை தொண்டையில் இருந்தால் என்ன, வேறு இடத்தில் இருந்தால் என்ன?

மருந்துக்கடையில் வேலை. ஞாயிறெல்லாம் டியூட்டி. ஜயன்ட்ஸ் ஆட்டங்களைக் கடைப் பின்கட்டில் சின்ன ரேடியோவில்தான் கேட்கிறேன். ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பார்க்காதவன் ரசிகனா என்று கேலி செய்கிறார்கள். (நியூஜெர்சி)

இதற்கு நக்கல் வேண்டாம். 1972 டிசம்பர் 23, பிட்ஸ்பர்க். ஸ்டீலர்ஸ் 7-6 என்று பின்தங்கியிருக்கிறது, மிச்சம் 22 விநாடி. அந்த அணியின் டெரி பிராட்ஷா எறிந்த பந்து ஒரு மோதலில் பின்னால் எகிற, ஃபிராங்கோ ஹாரிஸ் தரையில் படுமுன் அள்ளிக்கொண்டு ஓடி ஜெயிக்க வைத்தார். அமெரிக்க ஃபுட்பாலின் சரித்திரத்தில் இதைவிடப் பேசப்பட்ட ஓட்டம் கிடையாது. அது நடந்த ஊரின் டி.வி.யில் அது வரவில்லை. டிக்கெட் முழுக்க விற்றாலும் உள்ளூர் ஆட்டத்தை உள்ளூரில் காட்டக் கூடாது என்பது அன்றைய விதி. அடுத்த வருஷம்தான் சட்டம் போட்டுத் தளர்த்தினார்கள். மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர். வீட்டில் இருந்தவர்களுக்கு ஜாக் ஃப்ளெமிங்கின் ரேடியோ குரல். பார்த்த நடுவர்களே கூடிப் பேசித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்களை ரசிகர் பட்டியலிலிருந்து அடித்துவிடலாமா?

ஞாயிறும் வேலைக்குப் போகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், கண் தெரியாதவர்கள் எல்லாருக்குமாகத்தான் ரேடியோ வர்ணனையாளர் பேசுகிறார். நீங்கள் பார்க்க முடியாது என்பதை மூன்று மணி நேரமும் ஒரு வாக்கியத்தில்கூட மறப்பதில்லை. டி.வி. யாருக்கும் இந்த மரியாதையைச் செய்ததில்லை. நீங்கள் ரசிகர்தான். கேலி செய்கிறவர்களிடம் ஸ்கோர் கேட்டுப் பாருங்கள், போனைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

கணவர் ஹாலில் ஸ்ட்ரீமிங்கில் பார்க்கிறார். நான் சமையலறையில் ரேடியோ கேட்கிறேன். அவர் பார்ப்பதற்கு அரை நிமிடம் முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. சொல்லலாமா? (டல்லஸ்)

மூச்சு விடாதீர்கள்! இணையம் வழியே படம் சுற்றி வளைத்து வருவதால் கிடைத்த வரம் இது. சி.பி.எஸ். ரேடியோவில் ஜாக் பக்குடன் பேசிய ஹேங்க் ஸ்ட்ராம், பழைய பயிற்சியாளர் என்பதால் அடுத்து என்ன ஆட்டம் வரும் என்று முன்கூட்டியே சொல்லி அசத்துவார். அதைக் கேட்கவே டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு ரேடியோவைத் திருப்பியவர்கள் ஏராளம். நீங்களும் கரண்டியோடு ஹாலுக்குப் போய், “இப்போது இடது பக்கம் எறிவார் பாருங்கள்” என்று சொல்லுங்கள். நாலு முறை பலித்ததும் பாத்திரம் தேய்ப்பதைப் பந்தயமாக வையுங்கள். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடுங்கள்.