கேரி வீட்டு வாசற்படி: ஓர் ஆராய்ச்சி

மாநகரில் வேலைக்குப் போகும் மகளிரின் நட்பையும் காதலையும் பாடும் திரை இலக்கியங்களுள் தலையாயது ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. (இக்கட்டுரையில் கருத்து வேறுபாடு இல்லாத ஒரே இடம் இதுதான், அடிக்கோடிட்டுக்கொள்க.) எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 1998 முதல் 2004 வரை அரங்கேறிய இப்பெருங்காப்பியம் 94 படலங்கள் கொண்டது. கம்பனைப் போலவே ஆறு காண்டம். மூலநூல், ‘நியூயார்க் அப்சர்வர்’ இதழில் 1994 முதல் கேண்டஸ் புஷ்னெல் எழுதிய பத்தி. பத்தி எழுதியவர் கேரி என்னும் காப்பியத் தலைவியாகவே ஆகிவிட்டார் என்பதை, அதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் வயிற்றெரிச்சலோடு பதிவு செய்கிறேன்.

திணைப் பாகுபாடு வருமாறு. நிலம், மன்ஹாட்டன். பொழுது, விடிந்து வெகுநேரம் கழித்து வரும் காலை. கருப்பொருள்கள்: மஞ்சள் டாக்சி, காஸ்மோபாலிட்டன் என்னும் இளஞ்சிவப்பு மது, ப்ளீக்கர் தெரு மக்னோலியா பேக்கரியின் கப் கேக், மனோலோ பிளானிக் செருப்பு. பிக், எய்டன், பெர்கர், பெட்ரோவ்ஸ்கி முதலிய கேரியின் காதலரை உரிப்பொருளில் வைத்து ஆராய்வது இதுவரை வழக்கம். பிழை. அவர்களும் கருப்பொருளே. டாக்சிக்கு அடுத்த வரியில் வைக்க வேண்டியவர்கள்: வருகிறார்கள், ஏற்றிக்கொள்கிறார்கள், நினைத்த இடத்தில் இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

அப்படியானால் உரிப்பொருள் எது? சிற்றுண்டி மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடந்ததைச் சொல்லுதலும், சொல்லுதல் நிமித்தமும். சான்று: ஆறாம் காண்டத்தில் பெர்கர் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் மன்னிப்பு கேட்டு எழுதி ஒட்டிவிட்டு உறவை முடித்துக்கொள்கிறான். அவனுக்கு அது ஒரு நிமிட வேலை. மீதிப் படலம் முழுக்க கேரி அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோய்த் தோழியரிடம் காட்டுகிறாள், அவன் நண்பர்களிடமும் காட்டுகிறாள். சங்க அகப்பாட்டின் தோழிக்குச் சொந்தக் காதல் கிடையாது. தலைவியின் காதலுக்குத் தூது போயே ஆயுள் கழியும். இங்கோ கேரியும் தோழியர் மூவருமாக நால்வரும் முறைவைத்துத் தலைவியாகிறார்கள். இந்த வாரம் அழுதவள் அடுத்த வாரம் மற்றவளைத் தேற்றுகிறாள். இரண்டாயிரம் ஆண்டுகளில் அகத்திணைக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

தோழியர் மூவரின் தொழில்: மிராண்டா வழக்கறிஞர், சமந்தா மக்கள் தொடர்பு, ஷார்லட் ஓவியக்கூடம்.

காலணி: நான்காம் காண்டத்தில் வீடு வாங்க முன்பணம் இன்றிக் கேரி தவிக்கையில் மிராண்டா கணக்குப் போடுகிறாள். ஜோடி 400 டாலர், நூறு ஜோடி, ஆக 40,000 டாலர் காலில். முடிவில் ஷார்லட் தன் நிச்சயதார்த்த மோதிரத்தையே கொடுத்துக் கைதூக்கிவிடுகிறாள். வாரம் ஒரு பத்தி எழுதி நூறு ஜோடி வாங்கினாள் என்பதை உயர்வு நவிற்சி அணி என்று கொள்வதே தமிழ்ப் பத்திரிகை எழுத்தாளருக்கு நிம்மதி.

இனி ஆய்வின் உயிர்நிலை. கேரியின் வீடு எங்கே இருந்தது?

கதைப்படி அது அப்பர் ஈஸ்ட் சைடு, கிழக்கு 73ஆம் தெரு. திரையில் நாம் காணும் வாசற்படியோ வெஸ்ட் வில்லேஜ் பகுதியின் பெர்ரி தெருவில் இருக்கிறது. அது மேல்மூலை, இது கீழ்மூலை. வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்று தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிய நமக்கு இதைவிட என்ன வேண்டும்? மூலபாடமே பிரமாணம் என்பது 73ஆம் தெருக் கட்சி (கீழ்வீட்டு அம்மாள், மாடிப்படியில் சொன்னது). கண்ணால் கண்டதே சான்று என்பது பெர்ரி தெருக் கட்சி (அதே அம்மாள், மறுநாள், குக்கர் மூன்றாம் விசிலுக்குப் பின்). ஔவையார் எத்தனை பேர் என்று எண்ணி எண்ணிப் பழகிய நம் கை சும்மா இருக்குமா? கேரியர் இருவர், 73ஆம் தெருக் கேரி மூத்தவர், பெர்ரி தெருக் கேரி பிற்காலத்தவர் எனச் சமரசம் செய்வாரும் உளர் (மேற்படி அம்மாள் தம் நாத்தனார் சொன்னதாக மருமகளிடம் கூற, மருமகள் அதை மறுத்து அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, தொடக்கம் சிதைவு, இறுதி மிக்சி ஓசையில் மறைந்தது).

நான் பெர்ரி தெருக் கட்சி. 2010இல் வந்த இரண்டாம் திரைப்படத்தில் நால்வரும் அபுதாபிக்குப் போகிறார்கள். படம் பிடித்தது மொராக்கோவில். ஆகவே இந்நூலில் எந்த இடத்தைப் பெயர் சொல்லிக் காட்டினாலும் அது அந்த இடம் அன்று என்பது பொது விதி ஆகிறது. 73ஆம் தெருக் கட்சியார் இதற்கு மறுமொழி சொல்லாமல் என் எழுத்துப் பிழைகளைப் பட்டியலிட்டு வருகிறார்கள்.

இடைச்செருகல் பற்றியும் ஒரு சொல். 2021 முதல் 2025 வரை வந்த பிற்சேர்க்கையான ‘அண்ட் ஜஸ்ட் லைக் தட்’டில் லிசா என்பவளின் தந்தை முதல் காண்டத்திலேயே காலமானவராகச் சொல்லப்படுகிறார். மூன்றாம் காண்டத்தில் மறுபடியும் காலமாகிறார். முதலில் இறந்தது மாற்றாந்தந்தை என்று படைப்பாளர் பிற்பாடு விளக்கம் தந்தார். இரண்டு வரிகள் ஒன்றையொன்று இடித்தால் நடுவே புதிதாக ஓர் ஆளை நிறுத்திச் சமாதானம் செய்வது நம் உரையாசிரியர்கள் கண்ட வழி. அது கடல் கடந்தும் பயன்படுவது பெருமைக்குரியது.

இக்கட்டுரையை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கிற்கு அனுப்பினேன். முழுவதையும் அப்படியே ஏற்றுக்கொண்டு ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள்: கட்டணம் செலுத்திய ரசீதை இணைக்கவும்.

கள ஆய்வுக்குப் புறப்படும் இளைய ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெர்ரி தெரு வீட்டில் நிஜமாகவே ஆட்கள் குடியிருக்கிறார்கள். படியில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்போர் தொல்லை தாங்காமல் முதலில் சங்கிலி கட்டினார்கள்; அதற்கும் கூட்டம் அடங்காததால் இரும்புக் கதவு வைக்க விண்ணப்பித்து, 2025இல் நகரின் பாரம்பரியக் கட்டட ஆணையத்திடம் அனுமதியும் வாங்கினார்கள். தெருவில் நின்றே குறிப்பெடுங்கள். அழைப்பு மணியை அழுத்தாதீர்கள்.