ஒற்றை லென்ஸ்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவைப் பக்கமிருந்து வேலந்தாவளம் எல்லையைத் தாண்டி வருகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். காய்கறி வியாபாரத்துக்கு வருகிறவர்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் இறக்கக் கூடாத கள்ளைக் கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் சட்டப்படி குடித்துவிட்டுப் போக வருகிறவர்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் மூன்று பேரிடமும் பதில் உண்டு. மூன்றாமவர் முதல் இரண்டில் ஒன்றைச் சொல்வார், அவ்வளவுதான் வித்தியாசம். இவர்களோடு நான்காவதாக ஒருவரும் சேர்ந்திருக்கிறார். கழுத்தில் தோல் வார், வாரில் கையடக்கமான டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, தோளில் துணிப்பை, பைக்குள் மூன்று லென்ஸ். படம் எடுக்க வந்திருப்பதாக அவர் மனதார நம்புகிறார். அந்த மூன்றில் எதை இனிமேல் கேமராவிலேயே நிரந்தரமாக மாட்டி வைப்பது என்று முடிவு செய்யத்தான் உண்மையில் வந்திருக்கிறார். "ஒரே லென்ஸ் போதுங்க. மத்ததையெல்லாம் வித்துப்போட்டு நிம்மதியா இருக்கலாம்" என்பது அவருடைய கொள்கை. அந்த ஒரே லென்ஸைக் கண்டுபிடிப்பதற்காக இதுவரை பதினொன்று வாங்கியிருக்கிறார். லென்ஸ் தேர்வு என்ற பெயரில், மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது என்ற முடிவைத்தான் இந்த ஒற்றை லென்ஸ்காரர் வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது என் வாதம்.

முதல் சாட்சி அவர் கையில் இருக்கும் கேமராவே. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்கிறோம்; லென்ஸை மாற்றினால் கண்ணுக்குத் தெரிவதும் மாறும். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்க்கிற ஜன்னல் தனி, லென்ஸ் தனி. ஜன்னலின் நடுவில் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால் ஃபோகஸ் ஆகிவிட்டது. எந்த லென்ஸை மாட்டினாலும் ஜன்னலில் தெரிவது அதே தெரு, அதே அளவு. உள்ளே மிதக்கிற வெளிச்சக் கோட்டுச் சட்டம் மட்டும் பெரிதாகும், சிறிதாகும். லைக்கா கம்பெனியின் எம் வரிசை ரேஞ்ச்ஃபைண்டர்களில் அந்தச் சட்டங்கள், லென்ஸின் மில்லிமீட்டர் அளவுப்படி, 28-90, 35-135, 50-75 என்று ஜோடியாக வந்து நிற்கும். வழக்கமான ஜூம் லென்ஸுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. 1998-இல் லைக்கா 28, 35, 50 மில்லிமீட்டர் மூன்றையும் ஒரே குழலுக்குள் அடைத்து டிரை-எல்மார் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நம்மவருக்கென்றே அளவெடுத்துச் செய்த சாமான். அவர் அதைத் தொடமாட்டார். "எஃப் 4, இருட்டுங்க" என்று ஒதுக்கிவிடுவார். பிரச்சினை தீர்ந்துபோகும் என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும். ஆக, லென்ஸை மாற்றினாலும் பார்வை மாறாத ஒரு கேமராவைத் தேடி வாங்கிவிட்டு, எந்த லென்ஸை மாற்றுவது என்ற யோசனையிலேயே அவர் ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன.

அடுத்த சாட்சி சந்தைக்குள் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்து விவசாயிகளின் தக்காளியும் கத்தரியும் புடலையும் வந்து இறங்குகிற வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில், ஐந்தரை அடி உயரமுள்ள ஒரு வியாபாரியைத் தலை முதல் கால் வரை படுக்கை வாட்டப் படத்துக்குள் அடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழு அளவு சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் சுமார் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 35 போட்டால் இரண்டரை மீட்டர். 28 போட்டால் இரண்டு மீட்டர். ஐம்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே மீட்டர், அதாவது ஒன்றரை எட்டு. இந்த ஒன்றரை எட்டைக் காலால் எடுத்து வைத்தால் செலவில்லை. கண்ணாடியால் எடுத்து வைத்தால் லட்சத்தில் போகும். அப்படியிருந்தும் அவர் கண்ணாடியையே நம்புவதற்குக் காரணம் உண்டு. மூன்றரை மீட்டரில் நிற்கிறவரை யாரும் சட்டை செய்வதில்லை. இரண்டரை மீட்டருக்கு வந்துவிட்டால் வியாபாரி நிமிர்ந்து, "வாங்ணா, தக்காளிங்களா? பெட்டியா எடுக்கறீங்களா, கிலோவா?" என்பார். பதில் சொல்லியாக வேண்டும். நம்மவர் அங்கேதான் தடுமாறுகிறார். உடனே ஒதுங்கி நின்று லென்ஸை மாற்றுகிறார். 50 போட்டால் "நெரிசல்ல டைட்டா இருக்குது". 35 போட்டால் "நடுவுல ஒண்ணுமே இல்லாம காலியா வருது". 28 போட்டால் "எல்லாம் எறும்பு சைஸ்". மூன்று குறையும் கால் செய்த குறை. பழி மட்டும் கண்ணாடிக்கு.

அவர் வரலாற்றை அழைத்துக்கொண்டு வருவார். புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸோன் பெரும்பாலும் 50 மட்டுமே வைத்து எடுத்தாரே என்பார். எடுத்தார், 1948-இல் காந்தியின் இறுதி ஊர்வலத்தை எடுத்தார், 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். ஆனால் 1925-இல் சந்தைக்கு வந்த முதல் லைக்காவில் 50 மி.மீ. லென்ஸைக் கழற்றவே முடியாது. கழற்றி மாட்டும் வசதி 1930-இல்தான் வந்தது. அந்த ஐந்து வருஷம் லைக்காக்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ப்ரெஸோன் 1932 வாக்கில் லைக்காவைக் கையில் எடுத்தபோது 50தான் அதன் வழக்கமான லென்ஸ். 1954-இல் வந்த எம்3 கேமராவின் ஜன்னலில் 35-க்குக் கோடே கிடையாது. அடுத்து வந்த எம்2-இல்தான் அது சேர்ந்தது. மகான்களின் தேர்வு என்று நாம் கும்பிடுவதில் பாதி, தொழிற்சாலை அன்றைக்குக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவர்கள் வேலையைப் பார்த்ததுதான். டிஜிட்டல் வந்தபிறகு இந்த நிம்மதி அடியோடு போயிற்று. 2004-இல் எப்சன் ஆர்-டி1 வந்தது. சென்சார் சிறிது, 35 மி.மீ. லென்ஸ் அதில் 53 போல நடந்துகொண்டது. நம்மவர் 35-ஐ விற்றார். 2006-இல் லைக்கா எம்8. அதில் 28 போட்டால் 37 போல வரும். 28 வாங்கினார். 2009-இல் எம்9 முழு அளவு சென்சாரோடு வந்து, 35-ஐ மறுபடி 35 ஆக்கியது. விற்ற லென்ஸையே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கினார்.

வெளிச்சம் ஒரு நியாயமான ஆட்சேபணை. தூரத்தைக் காலால் சரிசெய்யலாம், இருட்டைக் காலால் சரிசெய்ய முடியுமா? எஃப் 2-ஐ விட எஃப் 1.4 இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கும், மறுக்கவில்லை. ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க்குள் பங்குனி மாதத்து நடுப்பகல் எப்படி இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 200 வைத்து நல்ல வெயிலில் எஃப் 16-இல் எடுத்தால் ஷட்டர் சுமார் 1/200 நொடி. அதே வெயிலில் எஃப் 1.4-க்குத் திறந்தால் 1/25,000 நொடி வேண்டும். இன்றைய லைக்கா எம் கேமராக்களின் இயந்திர ஷட்டர் 1/4000 நொடியோடு நின்றுவிடும். எனவே கூடுதல் வெளிச்சத்துக்காகக் கூடுதல் லட்சம் கொடுத்தவர், அந்த வெளிச்சத்தைத் தடுக்க ஒரு கறுப்பு ஃபில்டரும் வாங்கிப் பூட்டுகிறார். சாயங்காலம் என்ன செய்வது என்றால், ஐ.எஸ்.ஓ.வை 1600-இலிருந்து 3200-க்குத் திருப்ப வேண்டும். இன்றைய சென்சார்கள் அதைச் சிரமமில்லாமல் தாங்கும். தவிர, பெரிய துவாரமுள்ள லென்ஸ் பருமனானது. ஜன்னலின் ஒரு மூலையை அதுவே மறைத்துக்கொண்டு நிற்கும். விலை கூடக்கூடப் பார்வை குறைகிற சாமான்கள் உலகத்தில் அதிகமில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபணை ஒன்று உண்டு. கிட்டே போவதும் லென்ஸை மாற்றுவதும் ஒன்றல்ல. கிட்டே போனால் முன்னால் இருக்கிற தக்காளிப் பெட்டி பெருத்து, பின்னால் இருக்கிற பனைமரம் இளைத்துவிடும். தள்ளி நின்று 50-இல் எடுத்தால் இரண்டும் நெருங்கி நிற்கும். முழுக்கச் சரி. ஆனால் இது என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. பனைக்கும் பெட்டிக்கும் உள்ள உறவைத் தீர்மானிப்பது நிற்கிற இடம். லென்ஸ் அந்தக் காட்சியில் எவ்வளவு வெட்டியெடுப்பது என்பதை மட்டும் சொல்லும். எனவே இடம் முதலில், லென்ஸ் பிறகு. அப்படியானால் இந்த ஊருக்கு எது என்று கேட்டால், தயங்காமல் 35, அதுவும் எஃப் 2 அல்லது 2.5 போதும். எஃப் 8-இல் மூன்று மீட்டருக்கு ஃபோகஸ் வைத்துவிட்டால் 35-இல் ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக விழும். 50-இல் அது 2.3-லிருந்து 4.2 மீட்டர்தான். சந்தையில் ஆட்கள் நின்று போஸ் கொடுப்பதில்லை. 28-இல் தெளிவு இன்னும் விரியும்; ஆனால் அதன் கோடுகள் ஜன்னலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், மூக்குக் கண்ணாடி போட்டவருக்குத் தெரியவே தெரியாது. செல்போனே போதாதா என்கிறவருக்கும் பதில் இதில் இருக்கிறது. போனின் முதன்மைக் கேமரா சுமார் 24 முதல் 26 மி.மீ. அகலத்தில் பார்க்கும், படத்துக்குள் இருப்பதை மட்டும் காட்டும். ரேஞ்ச்ஃபைண்டரில் 35-இன் கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் தெரு தெரியும். சுமைக்காரர் கோட்டுக்குள் நுழையும் முன்பே அவர் வருவது தெரியும். இந்தக் கேமராவுக்குக் கொடுத்த பணம் அந்த வெளித்தெருவுக்குத்தான்.

நம்மவரோ கோட்டுக்கு உள்ளேயும் பார்ப்பதில்லை. லென்ஸின் வரைபடங்களைப் பார்க்கிறார். மூலைக் கூர்மை எத்தனை, ஓரத்தில் எத்தனை சதவீதம் இருள்கிறது என்று பார்க்கிறார். செங்கல் சுவரைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கி நான்கு மூலையையும் ஒப்பிடுகிறார். அந்தக் காலத்து வணிக வரிச் சோதனைச் சாவடியில் லாரி நின்றால் ஏற்றியிருக்கும் தக்காளி ருசியா என்று யாரும் கேட்டதில்லை, தாள் சரியா என்றுதான் கேட்டார்கள். அவர் தம் படங்களைச் சோதிப்பதும் அப்படித்தான். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின் கேரள அரசே வணிக வரிச் சாவடிகளை எடுத்துவிட்டது. இவருடைய சாவடி மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கு நம் மொழியிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அ. மாதவையாவின் மகன், காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், வேறு எங்கிருந்தோ வந்த உதிரிகள் எல்லாவற்றையும் தாமே பூட்டிச் சேர்த்த ஒரு கனத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர் வைத்து, அதைக் கொண்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருக்கும் கருவி முக்கியம்தான். ஆனால் யானை எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று தெரிந்துகொண்டு கருவி செய்தவர் அவர். நம்மவர் கருவி வாங்கியபின் அதற்கேற்ற யானையைத் தேடுகிறார்.

அவருடைய காசு, அவருடைய சந்தோஷம், உனக்கென்ன என்று கேட்கலாம். நஷ்டப்படுகிறவர் ஒருவர் இருக்கிறார்: அவருடைய வீட்டம்மா. ஒவ்வொரு லென்ஸும் வந்த அன்று சமையலறை ஜன்னலோரம் அவர் நிறுத்தப்படுகிறார். பதினொரு லென்ஸிலும் அவருடைய இடது கண்ணிமை எப்படிக் கூர்மையாக விழுந்தது என்பது பதிவாகியிருக்கிறது. "இன்னுமா முடியலீங்க? கொழம்பு ஆறுது" என்ற முகபாவமும் கூடவே பதிவாகியிருப்பதை நம்மவர் கவனித்ததில்லை. அதுதான் அவர் எடுத்ததிலேயே நல்ல படம். இரண்டரை மீட்டருக்கும் கிட்டே, பேசிக்கொண்டே எடுத்தது. லாபம் அடைகிறவரும் ஒருவர் உண்டு. கல்யாண வீடுகளில் படமெடுத்துக் காசு சேர்க்கிற இளைஞன், புதிதாய் வாங்க வக்கில்லாத லென்ஸை, பெட்டியோடும் ரசீதோடும் கீறல் இல்லாமலும் கழிவு விலைக்கு வாங்குவது இவரிடம்தான். அவனிடம் இரண்டாவது லென்ஸ் கிடையாது. ஆகவே குழப்பமும் கிடையாது. அதே சந்தைக்குள் நடந்துபோய்த் தக்காளி விலை கேட்டுக்கொண்டே எடுப்பான். நம்மவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவன் கதி என்ன ஆவது? எனவே மேலே சொன்ன கணக்கையெல்லாம் அவரிடம் காட்டித் தொலைக்காதீர்கள். 35 போட்டு வந்து அவர் உங்கள் அபிப்பிராயம் கேட்டால், கொஞ்சம் யோசிப்பது போல நின்று, "நல்லாத்தானுங்க இருக்குது... 40 போட்டுப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.