கார்ப்பெட் புதுசு, கார் பழசு

இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்திருக்கும் 1971-ஆம் வருடத்து எம்ஜிபி ரோட்ஸ்டர் கார் ஒன்றின் விளம்பரம் போன வாரம் இதை எழுதுபவரின் கண்ணில் பட்டது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை. குரோம் பம்பரை முன்னாலும் பின்னாலும் போய்ப் படமெடுத்திருக்கிறார்கள். கம்பிச் சக்கரங்களுக்குத் தனித்தனியாகப் படம். கூரைத் துணியை விரித்து ஒன்று, மடக்கி ஒன்று. தரைக்கும் ஒரு படம் உண்டு. அதில் தெரிவது தரை அல்ல, புத்தம்புதுச் சிவப்புக் கார்ப்பெட். பக்கத்திலேயே, அடிப்பாகம் உறுதி என்று ஒரு சத்தியம்.

ஐம்பது வயது தாண்டிய காருக்கு யாராவது சும்மா புதுக் கார்ப்பெட் போடுவார்களா? விருந்தாளி வருகிற அன்று மட்டும் காலண்டர் ஆணி மாறி, சுவர் விரிசலுக்கு மேல் போய் உட்காரும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இப்படிப்பட்ட காரின் துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்து, புதுத் தகடு போட்டு வலுப்படுத்துவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். வந்துவிடுவோம். முதலில் கார்ப்பெட்டைத் தூக்க வேண்டுமே.

தூக்கினால் ஃபெல்ட். கூரைத் துணியின் ஓரமாகக் கசிகிற மழைநீரையெல்லாம் குடித்து, கோடை வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கும் வஸ்து. அதற்குக் கீழே, சத்தத்தை அடக்க ஒட்டிய தார் ஷீட். அது எங்கே விளிம்பு தூக்குகிறதோ அங்கே தண்ணீர் நுழையும். வெளியே வர வழியில்லாமல் குடித்தனம் நடத்தும். தார் ஷீட்டுக்குக் கீழே தரை இருக்கும் என்று நினைப்பவர் இதுவரை பழைய கார் வாங்காதவர். அங்கே இருப்பது ஃபைபர்கிளாஸ் துணி. யாரோ ஒரு முன்னாள் சொந்தக்காரர், துருவைச் சுரண்டாமலேயே பிசின் ஊற்றி ஒட்டியது. துரு அதற்குள் நிம்மதியாக வளர்ந்து, துணி அப்பளம் மாதிரி தனியாக வந்துவிடும். அதற்கும் கீழே, ரிவெட் அடித்த அலுமினியத் தகடு. இவர் இன்னும் முந்தைய சொந்தக்காரர், வெல்டிங் தெரியாதவர். இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியத்தைத்தான் முதலில் அரிக்கும் என்பதும் தெரியாதவர். அதற்கடியில் உண்மையாகவே பற்றவைத்த ஓர் இரும்பு ஒட்டு. ஒட்டின் மேல் ஒட்டு. அதன் ஓரத்தில், ரிப்பன் அகலத்துக்கு, அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து காரோடு வந்த அசல் தரை.

சரி, கீழே படுத்துப் பார்க்கலாம் என்று போனால் அங்கே விரல் தடிமனுக்குக் கறுப்புப் பூச்சு. இதுவும் புதுசு. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினால், பூச்சைத் துளைத்து, துருவைத் துளைத்து, சிவப்புக் கார்ப்பெட்டின் வழியாக சீட்டுக்குப் பக்கத்தில் தலையை நீட்டும். பக்கத்தில் நிற்கும் விற்பவர், ‘அவ்வளவு அழுத்தினால் எந்தக் கார்தான் தாங்கும்?’ என்று கேட்பார். நடுவில் இருந்த துருவைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

சில கார்களில் தரை ஓட்டையானால் செருப்பு நனையும், அவ்வளவுதான். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரித்த ஹெரால்டுக்குத் தனியாக ஒரு சேஸி உண்டு. உடம்பு உளுத்தாலும் எலும்பு நிற்கும். 1962-இல் வந்த எம்ஜிபிக்கு அது கிடையாது. தகட்டு உடம்பேதான் எலும்பு. கூரையும் இல்லாததால், காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் தரையின் நடுவே மேடாக ஓடும் சுரங்கமும், இரண்டு கதவுகளுக்கும் கீழே ஓடும் ‘சில்’ என்கிற பெட்டிகளும்தான். வெளித்தகடு, உள்தகடு, நடுவே செங்குத்தாக ஒரு தகடு, அடியில் ஒரு ரயில். இந்தப் பெட்டியில்தான் தரைத் தகடு வந்து சேர்கிறது. அதனால் தரை போய்விட்டது என்றால் சில்லும் போயிருக்கும். அதற்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த மகான்கள் உண்டு. மாரிஸ் மைனரிலும் இதே கதைதான். அதன் கன்வெர்டிபிளுக்குத் தொழிற்சாலையே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தி அனுப்பியது. பிற்காலத்தில் சிலர் சாதா மைனரின் கூரையை வெட்டியெறிந்துவிட்டு, பலப்படுத்தாமலேயே கன்வெர்டிபிள் என்று விற்றார்கள்.

துருவுக்கு மூலப்பொருள் இங்கிலாந்தின் செஷயரில் இருக்கிறது. அங்கே வின்ஸ்ஃபோர்டில் 1844-இல் தோண்டிய சுரங்கத்திலிருந்து இன்றும் பாறை உப்பை வெட்டியெடுத்து, பனி உறையாமலிருக்கச் சாலைகளில் தூவுகிறார்கள். முன்சக்கரம் அதைச் சேற்றோடு வாரியடித்து, மட்கார்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் அப்பி வைக்கிறது. அந்த மூலை சில்லின் வாசல்.

இப்போது வேலைக்கு வருவோம். முதல் விதி: வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலின் குறுக்கே முன் தூணிலிருந்து பின் தூணுக்கு ஓர் இரும்புக் குழாயைப் பற்றவைத்துவிட வேண்டும். இரண்டாவது: ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். அவசரப்பட்டு இரண்டு பக்கத்தையும் வெட்டியவரின் கார் நடுவில் தொய்ந்துவிடும். கதவின் மேல் இடைவெளி குறுகும். அதே கோணலில் புதுத் தகட்டை வெல்டு செய்தால் கோணல் நிரந்தரம். அப்புறம் கதவு பிடிக்கிறது, கீல் தேய்ந்திருக்கும் என்று கீலைத் திட்டுவார். தரைக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பேட்டரி வயரும் ஓடுகின்றன. அவற்றைக் கழற்றாமல் வெல்டிங் தொடங்குபவருக்கு வேறு விதமான புத்திமதி தேவை. 1974 வரை சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளைத் தொட்டியில் வைத்திருந்தார்கள். அந்தத் தொட்டிகளும் துருதான். இத்தனைக்கும் தகடு கிடைக்காத கார் இல்லை இது. 1988 முதல், பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபிக்கு முழு உடம்பையே புதிதாக அடித்துத் தருகிறது பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ். தரைத் தகடு ஒரு போன் தூரம். ஆனாலும் மனிதர்கள் கார்ப்பெட்தான் வாங்குகிறார்கள்.

ஒரு காலத்தில் இவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. வருடாந்தரப் பரிசோதனைக்குப் போனால், சீட் பெல்ட் பிடிமானம் போன்ற முக்கியமான இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உளுத்த தகடு இருந்தால் கார் ஃபெயில். ஒட்டுப் போட்டால் விளிம்பு முழுக்க விடாமல் வெல்டு ஓட வேண்டும். புள்ளி வைத்து ஏமாற்ற முடியாது. 2018 மே மாதம் பிரிட்டிஷ் அரசு நாற்பது வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு அந்தப் பரிசோதனை கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. எந்த வயதில் உடம்பைக் காட்ட வேண்டுமோ அந்த வயதில் டாக்டரிடம் போகவேண்டாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? வருடத்துக்கு ஒரு தடவையாவது காரின் அடியில் நுழைந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரே அந்நியர் அந்தப் பரிசோதகர். இனி அங்கே போகிறவர் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்கத்தான் போவார். எம்ஜிபி விஷயத்தில் அதற்கும் குனிய வேண்டியதில்லை. ஷெட்டின் தரையைப் பார்த்தால் போதும்.