தூதுவளையும் சாவிக்கொத்தும்

தொண்டு நிறுவனம் ஆரம்பித்தவருக்கு வயசாகிவிட்டால் எல்லாருக்கும் கவலை வந்துவிடுகிறது. அடுத்து யார்? மகனா, மேனேஜரா, வெளியாளா? நன்கொடை கொடுத்தவர்கள் ஒரு ஆலோசகரை அனுப்புவார்கள். அவர் லேப்டாப்பில் நாலு படம் போட்டுக் காட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

திருச்சி பாலக்கரையில் பஸ் ஏறிக் காவிரியைத் தாண்டினால், இதே தலைவலியை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அனுபவித்த ஊர் இருக்கிறது. ஸ்ரீரங்கத்து வைணவ ஆச்சாரியர்களின் குருபரம்பரைக் கதைகளை, பக்தியை ஒரு நாழிகை திண்ணையில் உட்காரவைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். தலைமை கைமாறும் இடத்திலெல்லாம் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள்.

ஆரம்பித்தவர் காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள். நாலாயிரம் பாசுரங்களைத் தேடித் தொகுத்தவர். வாரிசாக அவர் மனதில் இருந்தது பேரன். சின்ன சிக்கல்: பேரன் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே பொறுப்பைத் திருவெள்ளறை உய்யக்கொண்டாரிடம் ஒப்படைத்தார். அவர் லால்குடி பக்கத்து மணக்கால் நம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். இருவருமே நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருந்தவர்கள். எந்த நிறுவனத்திலும் இப்படிப்பட்டவர்கள்தான் கிடைக்க மாட்டார்கள்.

பேரன் யமுனைத்துறைவன் பிறந்தார், வளர்ந்தார், சிறுவனாக இருக்கும்போதே வாயால் கெட்டார். இல்லை, வாயால் பிழைத்தார். அரசவைப் பண்டிதர் ஆக்கியாழ்வானிடம், “உன் தாய் மலடியில்லை என்கிறேன், முடிந்தால் மறுத்துப் பார்” என்றார். மறுத்தால் தான் பிறந்ததே பொய்யாகிவிடும் என்பதால் பண்டிதர் வாயடைத்தார். பாதி ராஜ்ஜியம் பையனுக்கு. ஆளவந்தார் என்ற பட்டம் வேறு. தாத்தாவின் வேலை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மணக்கால் நம்பி போய்ப் பார்த்தார். வாசல் காவலைத் தாண்ட முடியவில்லை. மனிதர் மனு எழுதவில்லை. நேராக மடைப்பள்ளிக்காரனைப் பிடித்தார். வேலியில் படர்கிற முள் தூதுவளையைக் கையைக் கீறிக்கொண்டு பறித்து, ஆய்ந்து, தினம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆறு மாதம். ராஜா ருசித்துச் சாப்பிட்டார். ஒருநாள் நம்பி கீரையை நிறுத்தினார். இலையைப் பார்த்த ராஜா, “கீரை எங்கே?” என்றார். யாரோ ஒரு கிழவர் கொண்டுவருவாராம், சில நாளாக வரவில்லையாம். கூப்பிடு அவரை!

வந்தவர் பதவி, கடமை, லட்சியம் என்றெல்லாம் பேசவில்லை. “உங்கள் தாத்தா ஒரு புதையல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிறது, ஒரு பாம்பு காவல் காக்கிறது” என்றார். ராஜா மூட்டை கட்டினார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, பாம்பின் மேல் படுத்திருந்தவரைக் காட்டியபோது ராஜ்ஜியம் மறந்துபோனது.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்துவரப்பட்ட ஆளவந்தார் தன் வாரிசு விஷயத்தில் கோட்டைவிட்டார் என்பது என் கட்சி. காஞ்சியில் இளைஞர் ராமானுஜரைத் தூரத்தில் நின்று பார்த்து, இவர்தான் என்று முடிவுசெய்து, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பிவிட்டார். பிறகு காலம் கடந்து தன் சீடர் பெரிய நம்பியை அனுப்பி அழைத்துவரச் சொன்னார். ராமானுஜர் வந்தபோது இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. மடங்கியிருந்த மூன்று விரல்களே பொறுப்பு ஒப்படைப்புக் கடிதம். அவர் மூன்று சபதம் செய்ய, ஒவ்வொரு விரலாக நிமிர்ந்ததாம். விஷயஞானமோ ஐந்து சீடர்களிடம் பிரிந்து கிடந்தது. அதில் ஒருவர் திருக்கோஷ்டியூர் நம்பி. பாடம் சொல்வதற்குள் ராமானுஜரைப் பதினெட்டு முறை நடக்கவிட்டார்.

பதவி கிடைத்துவிட்டது, சாவி கிடைக்கவில்லை. கோயில் சாவிக்கொத்து பெரிய கோயில் நம்பி என்ற திருவரங்கத்தமுதனார் இடுப்பில். புதியவர் வரவு செலவு, கைங்கரியம் என்று ஒழுங்குபடுத்தப் பார்க்க, பழையவர் அசையவில்லை. அந்தச் சமயத்தில் அமுதனாரின் தாயார் காலமானார். பதினோராம் நாள் இலை என்பது இறந்தவரின் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற இலை, லேசில் ஆள் கிடைக்காது. ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் போய் உட்கார்ந்தார். திவ்யமாகச் சாப்பிட்டார். “திருப்தியா?” என்று கேட்டார் அமுதனார். “திருப்தி” என்று பதில் வந்தால்தான் சடங்கு முடியும். ஆழ்வான் சொல்லவில்லை. பணம்? வேண்டாம். நிலம்? வேண்டாம். பின்னே? சாவி.

பெற்ற தாயின் காரியம் நடுவில் நிற்கிறது. சாவி கைமாறியது. இதைவிட நாசூக்கான மிரட்டலை நான் எந்த நிர்வாகக் குழுவிலும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கூத்து என்னவென்றால், சாவியைப் பறிகொடுத்த அமுதனார்தான் பிற்பாடு ராமானுஜர் மேல் நூற்றெட்டுப் பாட்டு, இராமானுச நூற்றந்தாதி, பாடினார்.

எல்லாரும் அந்தாதி பாடவில்லை. பிட்சைச் சோற்றில் விஷம் வைத்தார்கள். சோறு போட்ட அம்மாள் வழக்கத்துக்கு மாறாகக் காலில் விழ, ராமானுஜருக்குப் புரிந்துவிட்டது. பட்டினி கிடந்தார். செய்தி கேட்டுத் திருக்கோஷ்டியூர் நம்பி வந்தார். எதிர்கொண்ட ராமானுஜர் உச்சிவெயிலில், சுடுமணலில் விழுந்து சேவித்தார். நம்பி எழுந்திரு என்று சொல்லவில்லை. ராமானுஜரின் சீடர் கிடாம்பி ஆச்சான் பொறுக்காமல், “இதென்ன குரு சிஷ்ய முறை!” என்று சண்டைக்குப் போய் ராமானுஜரைத் தூக்கினார். “இவன் உடம்பு மேல் அக்கறையுள்ளவனைத்தான் தேடினேன். இனி நீ சமை” என்றார் நம்பி. நேர்முகத் தேர்வு முடிந்தது.

மூன்று சபதங்களில் ஒன்று பராசரர் பெயரை விளங்கவைப்பது. ஒரு மழை இரவில் கூரத்தாழ்வான் பட்டினி கிடக்க, கோயிலில் அமுது செய்யும் மணியோசை கேட்ட மனைவி ஆண்டாள், ‘உன் பக்தன் பட்டினி, உனக்குச் சாப்பாடா’ என்று மனதுக்குள் முனகினாளாம். அரவணைப் பிரசாதம் வீடு தேடி வந்தது. அவள் உண்ட இரண்டு பிடியில் இரட்டைப் பிள்ளைகள். மூத்தவருக்குப் பராசரர் என்று பெயர் வைத்தார் ராமானுஜர். ராமானுஜருக்கு அடுத்து வந்த எம்பாருக்குப் பின் அந்தப் பராசர பட்டரே தலைமைக்கு வந்தார்.

பட்டருக்கு வாரிசு மேல்கோட்டைப் பக்கம் போன இடத்தில் கிடைத்தார். மாதவர் என்ற அத்வைதப் பண்டிதர், வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுகிறவர். பட்டர் பந்தியில் உட்காராமல் நின்றார். சோறு வேண்டாம், வாதம் வேண்டும் என்றார். வாதத்தில் தோற்றுச் சீடரான மாதவர், பிற்பாடு தன் மனைவியர் வைணவ விருந்தாளிகளைச் சாப்பாடு போடாமல் திருப்பியனுப்பியதைக் கேட்டுச் சொத்தை மூன்றாகப் பிரித்தார். இரண்டு பங்கு அவர்களுக்கு, ஒரு பங்கோடு ஸ்ரீரங்கம். துறவியாகி நஞ்சீயர் ஆனார். பட்டருக்குப் பின் பொறுப்பு இந்த முன்னாள் எதிர்க்கட்சிக்காரரிடம் போனது. இத்தனைக்கும் அரவணையின் இன்னொரு பிடி குடும்பத்திலேயே இருந்தது.