மெம்பர் மருமகனுக்கு மாமன் சொல்ற யோசனை

மருமகனே, டிசம்பர் பஞ்சாயத்துத் தேர்தல்ல ஜெயிச்சதுல இருந்து உன் காலு தரையில பாவல. நம்ம தோட்டத்து லயத்துக்கு ஓட்டு கேட்டு வந்தப்ப வாய்க்கு வாய் "மாமா"ன்னே. இப்ப ஜீப்புக்குள்ள இருந்து கையை மட்டும் ஆட்டுற. பரவாயில்ல, மெம்பர்னா அப்படித்தான் இருக்கணும். கேக்காமலே யோசனை சொல்றது கிழவன் தொழில். கூலியா ஒரு கட்டன் சாயா வாங்கிக் குடு, போதும்.

நம்ம வார்டு அங்கன்வாடிக்கு இந்த வருஷம் திட்டத்துல பணம் வைக்கப் போறீங்களாமே. பி.எட். படிக்கிற என் பேத்தி, "தாத்தா, அதுல பாதிக்குத் தமிழ்க் கதைப்புத்தகம் வாங்கச் சொல்லுங்க"ங்கிறா. அவ பேச்சைக் கேட்டுக் கெட்டுப் போயிடாதே. புத்தகத்துல உன் பேரை எங்க எழுதுவ? டைல்ஸ் ஒட்டு. கேட்டுக்கு வளைவு வை, வளைவுல உன் போட்டோ வை. சுவத்துல மயிலு, முயலு, ஆப்பிள் எல்லாம் வரைஞ்சு விடு. நிஜ ஆப்பிள் பாக்கணும்னா நாம காந்தளூருக்குத்தான் பஸ் ஏறணும். சுவத்துல மட்டும் வருஷம் பூரா காய்ச்சுத் தொங்கும்.

இன்னொண்ணு, மூணு வயசுப் புள்ளைக்கு ஓட்டு இல்ல. இப்பவே புத்தகத்தைக் கையில குடுத்தா பதினஞ்சு வருஷம் கழிச்சு வந்து ஓட்டுப் போடும், அதுவும் நோட்டீஸை வாசிச்சுப் பாத்துட்டுப் போடும். உனக்கு எதுக்கு அந்த வம்பு?

ஆனா சட்டம் தெரியாத மெம்பர்னு பேரு வாங்கிடாதே. கேரளா பஞ்சாயத்து ராஜ் சட்டம் வந்தது 1994ல. அதுக்கப்புறந்தான் அங்கன்வாடி பஞ்சாயத்து கைக்கு வந்துச்சு. 1996 ஆகஸ்டுல ஜனகீயாசூத்ரணம், அதாவது மக்கள் திட்டமிடல்னு ஆரம்பிச்சு, மாநிலத்துத் திட்டப் பணத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல உள்ளாட்சிக்குன்னு தூக்கிக் குடுத்தாங்க. இந்தியாவுல வேற எங்கயும் அப்ப அப்படி இல்ல. அதுல பெண்கள் திட்டத்துக்குக் குறைஞ்சது 10 சதவீதம். குழந்தைங்க, வயசானவங்க, மாற்றுத் திறனாளிங்க எல்லாத்துக்கும் சேத்து 5 சதவீதம். பாத்தியா, பல்லு முளைக்காததும் பல்லு போனதும் ஒரே தட்டுல. அந்தப் புள்ளைங்களுக்குப் போற காசு, வயசானவன் எனக்குக் கட்டில் வாங்க வச்ச காசுல இருந்து போற காசு. அதனால கணக்கு கேக்க எனக்குப் பாத்தியதை உண்டு.

சோத்து விஷயத்துல யாரையும் குறை சொல்ல மாட்டேன். 2022ல இருந்து பாலும் முட்டையும் வருது. போன வருஷம் ஒரு பொடியன் உப்புமா வேண்டாம், பிரியாணி வேணும்னு கேட்டது போன் போனா ஓடுச்சே. அப்ப அமைச்சரா இருந்த வீணா ஜார்ஜ் அதைப் பாத்துட்டு, 2025 ஜூன்ல முட்டை பிரியாணியோட புது மெனுவே போட்டுட்டாங்க. வாயைத் திறந்து கேட்டா கிடைக்குது. ஆனா புத்தகம் வேணும்னு கேக்க அந்தப் புள்ளைக்கு முதல்ல புத்தகம்னா என்னன்னு தெரியணுமில்ல?

அன்னைக்கு மழைக்கு ஒதுங்க நம்ம அங்கன்வாடித் திண்ணைக்குப் போனேன். உள்ளே கண்ணாடி அலமாரி. நாலஞ்சு மலையாளப் புத்தகம், மேல மிட்டாய்க் கலர்ல ஒரு தமிழ்ப் புத்தகம். பூட்டியிருக்கு. சாவி ஹெல்பர் கையில, ஹெல்பர் லீவுல. டீச்சர் போஷன் டிராக்கர் ஆப்புல போட்டோ ஏத்தணும்னு சிக்னல் தேடி முற்றத்துக் கொய்யாமரத்தடியில நிக்குது. பாவம், அதைச் சொல்லிக் குத்தமில்ல. உள்ள ஒரு பொடியன், குல்லா போட்டவன், பிஸ்கட் கவரை ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சிருக்கான். தலைகீழாத்தான். விரல் வச்சு வரி வரியா வாசிக்கிறான்: "ஒரு ஊர்ல ஒரு யானையாம். அது ரேஷன் கடைக்குப் போச்சாம். அரிசி இல்லையாம். கதவை உடைச்சிருச்சாம்." பன்னியார் ரேஷன் கடையை விடாம உடைச்ச அரிக்கொம்பன் யானையை 2023ல மயக்க ஊசி போட்டு லாரியில ஏத்துனாங்கல்ல, அந்தக் கதை இவன் கவருக்குள்ள வந்துடுச்சு. சுத்தி நாலு வாண்டு வாயைப் பொளந்து கேக்குது. பேத்திகிட்ட சொன்னேன். "தாத்தா, வாசிப்புல மொத படியே அதுதான். அவன் பாதி வழி வந்துட்டான், மீதிக்கு அவன் பேசுற தமிழ்ல ஒரு புத்தகமும் பக்கத்துல உக்காந்து வாசிக்க ஒரு ஆளும் போதும்"ங்கிறா. நான் சொன்னேன், சும்மா இரு, மருமகன் அவனுக்கு டைல்ஸ் ஒட்டப் போறான்னு.

எங்க காலத்துல என்ன இருந்துச்சு? 1951ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், அம்பது பொம்பளையாளு இருந்தா கிரச்சு வைக்கணும்னு சொல்லிச்சு. ஒரு ஆயா, வரிசையாத் தொட்டில். ஆனா அந்த ஆயா எங்க பாஷையில கதை சொல்லும், விடுகதை போடும். அதுக்கு யாரும் பணம் ஒதுக்கல, அதனாலயோ என்னவோ நல்லா நடந்துச்சு.

இடமலைக்குடியைப் பாரு. நம்ம தாலுக்காதான், 2010ல கேரளாவோட முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. அங்க இருப்புக்கல்லுக்குடியில சின்னத்தம்பின்னு ஒரு டீக்கடைக்காரர், சாக்குல புத்தகத்தைப் போட்டு வச்சு நூலகம் நடத்தினார். 160 புத்தகம், சேர 25 ரூபா, மாசம் 2 ரூபா. அப்ப ஜீப்பு போகாத அந்தக் காட்டுக்குப் பத்திரிகைக்காரர் பி. சாய்நாத் நடந்தே போய்ப் பாத்து எழுதினாரு. அந்தக் கடைக்கு வளைவு இல்ல, டைல்ஸ் இல்ல. அந்த மாதிரி மனுசனை முன்மாதிரியா வச்சுக்காதே, கான்ட்ராக்ட்காரன் உன்கிட்ட பேச மாட்டான்.

போடிமெட்டு தாண்டினா தமிழ்நாடு. அங்க 2019ல நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடியில எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல மிச்சிகன் பக்கம் 1962லேயே 123 ஏழைப் புள்ளைங்கள ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு மட்டும் நல்ல பாலர் வகுப்பு குடுத்து, நாப்பது வயசு வரைக்கும் பின்னாலயே போய்ப் பாத்திருக்காங்க. வகுப்புக்குப் போனவங்க கூடச் சம்பாதிச்சாங்களாம், போலீஸ் கேசும் குறைச்சலாம். கிட்டத்தட்ட நாப்பது வருஷம்! உனக்கு அஞ்சு வருஷந்தான். மார்ச்சுக்குள்ள பில்லு பாஸாகற வேலையாப் பாரு.

ஒரே ஒரு ஜாக்கிரதை. அங்கன்வாடி கமிட்டிக்குத் தலைவரே வார்டு மெம்பர்தான், அதாவது நீ. கிராமசபையை மூணு மாசத்துக்கு ஒருக்கா கூட்டணும், தொடர்ந்து ரெண்டு தடவை கூட்டாம விட்டா மெம்பர் பதவியே போயிடும்னு சட்டம். கோரத்துக்கு நூத்துக்குப் பத்து பேர் வேணும். ஆளுக்குக் கவலைப்படாதே, லயம் பூரா நான் சொல்லி வச்சிட்டேன். பேத்தி தீர்மானத்தை மலையாளத்துலயும் தமிழ்லயும் எழுதி வச்சிருக்கா. வளைவுக்கு எதிரா ஒரு வார்த்தை அதுல இல்ல. வளைவு போக மிச்சம் எவ்வளவு, அலமாரிச் சாவி யார் கையில, இந்த ரெண்டுதான் கேட்டிருக்கா. ஞாயித்துக்கிழமையாப் பாத்து வை. மத்த நாள்ல பொம்பளைங்க கொழுந்துக் காட்டுல இருப்பாங்க, அப்புறம் கோரம் இல்லன்னு நீயே எழுதிட்டுப் போயிடுவ.