வரைவதற்கு முன் செய்ய வேண்டியவை

சொந்தக் கற்பனையில் படம் வரைய ஏழு படிகள் என்று நேற்று இன்னொரு வீடியோ வந்து விழுந்தது. முதல் படி, உத்வேகம் தேடுங்கள். இரண்டாவது, பிடித்த படங்களைச் சேகரியுங்கள். மூன்றாவது, சேகரித்ததை மூட் போர்டாக அடுக்குங்கள். நான்காவது, வண்ணங்களை முடிவு செய்யுங்கள். ஐந்தாவது, சரியான உபகரணங்களை வாங்குங்கள் (எங்கே வாங்குவது என்பது கீழே). ஆறாவது, மனத்துக்குள் கதையை ஓட்டிப் பாருங்கள். ஏழாவது படியில், பெரிய மனசு பண்ணி, பென்சிலைத் தொட அனுமதிக்கிறார்கள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆறு படி ஏறியவருக்கு ஏழாவதில் மூச்சு மிஞ்சாது என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். திட்டமிடுதல் என்று இப்போது நாம் மரியாதையாகச் சொல்வது வரையாமல் இருப்பதற்கான ஏற்பாடு. இதை ஆதாரத்தோடு நிறுவிவிடுகிறேன்.

ஸ்கெட்ச் புக்கிலிருந்து தொடங்கலாம். 200 ஜிஎஸ்எம் தாள், கெட்டி அட்டை, நடுவே பட்டு நாடா. அதன் முதல் பக்கத்தில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஆகவே கிறுக்கிப் பழகச் சாதாரண நோட்டு ஒன்று. கடையில் நிற்கும்போது அதையும் சற்று நல்லதாகவே எடுத்துவிடுகிறோம். இப்போது பாழாகக் கூடாத முதல் பக்கங்கள் இரண்டு. அடுத்து பென்சில். எச்பி போதும்தான். ஆனால் நிழல் அடிக்க 2பி வேண்டும், கூந்தல் கறுக்க 6பி வேண்டும், 6பி வந்த பிறகு 8பி இல்லாத பெட்டி பொக்கை வாயோடு இளிக்கும். துருவியில் சீவாதே, பிளேடால் சீவினால்தான் முனை நீளமாக நிற்கும் என்று ஒருவர் சொல்லியிருப்பார். அதற்கும் ஒரு வீடியோ உண்டு. பிறகு, பிசைந்து உருட்டுகிற ரப்பர். இன்னும் போடாத கோட்டை அழிக்க அதைவிடச் சிறந்தது கிடையாது. இதற்குள் கணினியில் ‘ஐடியா’ என்று ஒரு ஃபோல்டர், ‘ஐடியா புதுசு’ என்று ஒன்று, ‘ஐடியா ஃபைனல்’ என்று ஒன்று, அதற்குள்ளே ‘ஃபைனல் 2’. மழையில் நனையும் சைக்கிள் ஒன்று வரையலாமென்று தேடத் தொடங்கி, சைக்கிள் மணி, மணியின் துரு, துருவின் நிறம், அதே நிறத்தில் ஜப்பானில் ஒரு பூனை என்று போய், ராத்திரி ஒரு மணிக்குப் பூனைகளுக்குத் தனி ஃபோல்டர் திறந்தாகிறது. டேப்லெட்டில் வரைகிறவர்கள் சிரிக்க வேண்டாம். பிரஷ்களை நூற்றுக்கணக்கில் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வளைகோடு இழுத்துப் பார்த்துவிட்டு, ஆரம்பத்திலிருந்தே அதிலிருந்த பென்சில் பிரஷுக்குத்தானே திரும்பினீர்கள்? இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, அப்பளம்கூட வந்துவிட்ட பந்தி இது, சாதத்தைத்தான் காணோம்.

பெரிய ஓவியர்களும் திட்டமிட்டவர்கள்தானே என்பார்கள். ஆமாம், பென்சிலால் திட்டமிட்டார்கள். பாரிஸ் கண்காட்சியின் ஸ்பெயின் அரங்குக்காகப் பிக்காசோவிடம் 1937 ஜனவரியில் ஒரு பெரிய ஓவியம் கேட்டார்கள். ஏப்ரல் பாதி கழிந்தும் உருப்படியாக ஒன்றுமில்லை. நமக்கு ரொம்பவும் ஆறுதலான செய்தி. ஏப்ரல் 26-ல் கெர்னிகா நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. மே 1-ம் தேதி பென்சிலை எடுத்தார். பார்த்தீர்களா, உத்வேகம் வந்த பிறகுதானே என்று கேட்பவர்கள் அந்த முதல் நாள் தாள்களைப் பார்க்க வேண்டும். நீலத் தாளில் அவசரக் கோடுகள். மாடு, குதிரை, விளக்கேந்திய பெண் மூவரும் அப்போதே ஆஜர். அதன் பின்னும் சுமார் 45 ஸ்கெட்ச்கள். கேன்வாஸுக்குப் போன பிறகும் ஓயவில்லை. உயர்த்திய முஷ்டி ஒன்றை வரைந்து பின்னால் நீக்கினார், டோரா மார் எடுத்த புகைப்படங்களில் அது இருக்கிறது. ஏழே முக்கால் மீட்டர் அகல ஓவியம் ஜூன் தொடக்கத்தில் முடிந்தது. அதே ஐந்து வாரத்தை நம்மிடம் கொடுத்திருந்தால் குதிரை ஃபோல்டர் நிரம்பியிருக்கும்.

அவர் மேதை, நாம் சாமானியர் என்பது அடுத்த வாதம். சரி, வாரப் பத்திரிகைக்கு வருவோம். ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது, படங்கள் மணியம். வந்தியத்தேவனுக்குப் புகைப்படம் கிடையாது, நந்தினியின் கொண்டை எந்தப் பக்கம் என்று தேடிப் பார்க்க இணையமும் கிடையாது. பிளாக் செய்ய ஆள் காத்திருப்பான். மூட் வரவில்லை என்று அச்சகத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை அச்சில் போட முடியாது.

மற்றவர் படங்களைப் பார்க்கவே கூடாதா என்ற கேள்வியும் வரும். தாராளமாகப் பார்க்கலாம். 1960-ல் நார்மன் ராக்வெல் தன்னையே வரைந்த புகழ்பெற்ற படத்தில், கேன்வாஸின் ஓரத்தில் ட்யூரர், ரெம்பிராண்ட், வான்கா, பிக்காசோ ஆகியோரின் முகங்களைக் குத்தி வைத்திருக்கிறார். மூட் போர்டுதான், ஆனால் அதையும் அவர் வரைய வேண்டியிருந்தது.

கடைசியாக, மறுக்கவே முடியாதது போலத் தோன்றும் வாதம்: ரெஃபரன்ஸ் இல்லாவிட்டால் தப்பாக வந்துவிடுமே. வரும். குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் 1515 மே மாதம் கப்பலில் லிஸ்பன் போய் இறங்கியது. நியூரம்பெர்க்கிலிருந்த ட்யூரர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு கடிதமும் யாரோ போட்ட ரஃப் ஸ்கெட்சும் கிடைத்தன. பேனாவால் வரைந்து பார்த்தார், மரக்கட்டையில் செதுக்க வைத்து அச்சிட்டார். தோலுக்குப் பதில் போர்க்கவசம் மாட்டியிருக்கிறார், பிடரிக்குப் பின்னால் இல்லாத குட்டிக் கொம்பு ஒன்றையும் முளைக்க விட்டிருக்கிறார். ஐரோப்பா அதையே காண்டாமிருகம் என்று நம்பி இருநூறு வருஷத்துக்கு மேல் பார்த்துப் பார்த்து வரைந்தது. நம் ஃபோல்டரில் கிடக்கும் காண்டாமிருகங்கள் அத்தனைக்கும் கொம்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது. எதையும் நாம் இன்னும் வரையவில்லை.